மானியம் பெற்ற பட்டணமும் காத்திருக்கும் பட்டணமும்

மானியம் என்ற சொல்லை நம் சித்தூர்ச் சீமையில் கேட்காத காது இருக்காது. கோயில் மானியம், குளத்து மானியம், வெட்டியான் மானியம் என்று நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த சொல் அது. இன்றைக்கு அதே சொல் உரத்துக்கும், சொட்டுநீர்க் குழாய்க்கும், மீன்பிடி வலைக்கும் போய்விட்டது. அரசன் எழுதிக் கொடுத்ததும் மானியம், அரசாங்கம் வங்கிக் கணக்கில் போடுவதும் மானியம். இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்பை ஒரு கடற்கரையை வைத்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் எண்ணம்.

"சாந்திபுரத்துக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று அன்பர்கள் கேட்பது புரிகிறது. குப்பம், சாந்திபுரம், ராமகுப்பம் பக்கத்து மக்களுக்குக் கடல் என்றால் சென்னை மெரினாதான். ஆனால் 2022 ஏப்ரல் 4 அன்று நம் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி மாவட்டம் பிறந்தபோது, நெல்லூர்க் கரையிலிருந்து தடா, சூலூர்ப்பேட்டை, வாகாடு முதலிய மண்டலங்கள் அதனோடு சேர்க்கப்பட்டன. ஏழுமலையானின் மாவட்டத்துக்கு ஒரு கடற்கரையும் வந்து வாய்த்தது. அந்தக் கரையில் துகராஜபட்டணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்தியக் கடற்கரைப் பட்டணங்களின் வரலாற்றில் இந்த ஊர் அளவுக்கு வாசல்வரை வந்த அதிர்ஷ்டத்தை நழுவவிட்ட ஊர் வேறு உண்டா என்பது சந்தேகமே. அதுவும் இரண்டு தடவை.

முதலில் பழைய காலத்து வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். கடற்கரை ஊர் ஒன்று வளர வேண்டும் என்றால் அந்நாளைய அரசர்கள் கஜானாவைத் திறந்து பணம் கொட்டியதில்லை. எழுத்துக் கொடுத்தார்கள். பாபட்லா பக்கம் மோட்டுப்பள்ளி என்ற துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45-இல் நிறுத்திய தூண் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. முன்னிருந்த அரசர்கள், புயலில் கரை ஒதுங்கிய கப்பலின் சரக்கையெல்லாம் வாரிக்கொண்டார்கள். நாம் அப்படிச் செய்யமாட்டோம். முப்பதில் ஒரு பங்கு சுங்கம் மட்டும் வாங்கிக்கொள்வோம் என்று அதில் வாக்குக் கொடுக்கிறான். அதன் பெயரே அபய சாசனம். நூறாண்டு கழித்து 1358-இல் அதே துறையில் ரெட்டி அரசன் அனவோதன் வணிகர்களுக்குச் சலுகை அறிவித்தபோது சமஸ்கிருதம், தெலுங்கோடு தமிழிலும் எழுதிவைத்தான். ஆந்திரக் கடற்கரைத் துறையில் தமிழ் எழுத்து எதற்கு என்று கேட்டால், வந்து போன வியாபாரிகளில் நம்மவர் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் தோன்றவில்லை.

இந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் சந்திரகிரி அரசின் நிழலில் ஒரு காகிதம் எழுதப்பட்டது. அதன் கதைக்குத் துகராஜபட்டணத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1611-இல் மசூலிப்பட்டணத்தில் கடைவிரித்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டதால் அங்கே கால்வைக்க இடமில்லை. ஆகவே 1626 வாக்கில் பழவேற்காட்டுக்கு வடக்கே துகராஜபட்டணத்தில் இறங்கினார்கள். அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ஆர்மகான். இடம் வாங்கித் தர உதவிய ஆறுமுக முதலியார் என்ற உள்ளூர்ப் பெரியவரின் பெயரே அப்படித் திரிந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆறுமுகம் ஆர்மகான் ஆனது ஆங்கிலேய நாக்கின் திறமை! சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் முதன்முதலாகப் பீரங்கி வைத்துக் காவல் போட்ட இடம் அதுதான். 1628-இல் அங்கே 12 பீரங்கிகளும் இருபது சொச்சம் ஆட்களும் இருந்ததாகக் கம்பெனிக் குறிப்பு உண்டு.

கடல் பக்கம் அந்த ஊருக்குக் குறை இல்லை. கரைக்கு எட்டத்தில் நீருக்கடியில் நீண்டு கிடக்கும் மணல்திட்டு அலையின் வேகத்தைத் தடுப்பதால் கப்பல் நிற்க வசதியான இடம். பிற்காலக் கடல் வரைபடங்களில் பிளாக்வுட் துறைமுகம் என்று பெயர் போட்டதும் இதனால்தான். குறையெல்லாம் தரைப் பக்கத்தில். கம்பெனிக்கு வேண்டிய நல்ல துணி அந்த வட்டாரத்தில் போதிய அளவு கிடைக்கவில்லை. வெங்கடகிரி நாயக்கரின் கெடுபிடியும் ஓயவில்லை. கப்பல் வந்து நிற்க இடமுண்டு, ஏற்றிப் போகச் சரக்கில்லை. அப்படியானால் துறை எதற்கு?

ஆர்மகானின் தலைவராக இருந்த பிரான்சிஸ் டே வேறு இடம் தேடித் தெற்கே வந்தார். சாந்தோமுக்கு வடக்கே மதராசபட்டணம் என்ற சிற்றூர் அவருக்குப் பிடித்துப் போயிற்று. கப்பலுக்குப் பாதுகாப்பே இல்லாத, அலை புரட்டிப் போடும் வெறும் மணற்கரை அது. ஆனால் துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு இருபது மலிவு என்று எழுதினார். (அவர் அந்த இடத்தைப் பிடிவாதமாகக் கேட்டதற்குச் சாந்தோமில் வேறொரு காரணமும் இருந்ததாக வம்பு பேசுவார்கள். மலரைப் பிள்ளைகளும் படிப்பார்கள், விட்டுவிடுவோம்.) அந்தக் கரை, தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரின் ஆட்சியில் இருந்தது. அவர் சந்திரகிரி விஜயநகர அரசரின் கீழ்ப்பட்டவர். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியிலிருந்து கடற்கரையைப் பார்த்துக்கொண்டார். பேச்சு நடந்து கவுல் எழுதப்பட்டது. 1639 ஆகஸ்டு 22 என்று இன்று சென்னை நாள் கொண்டாடுகிறார்கள். ஜூலை என்று வாதிடுவோரும் உண்டு. சந்திரகிரிக் கோட்டையிலேயே கையெழுத்தானது என்று நம்மூரில் பெருமையாகச் சொல்வோம். 1639-இன் கவுல் நாயக்கருடையது, அரசருடையதன்று என்பதே சரி. அரசர் ஸ்ரீரங்கராயரின் கவுல் 1645-இல்தான் வந்தது; பட்டணத்தைத் தம் பெயரால் ஸ்ரீரங்கராயபட்டணம் என்று அதில் குறித்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. நாயக்கர் தம் தந்தை சென்னப்பர் பெயரை நினைத்தார், அதுதான் நிலைத்தது.

அந்த 1639-ஆம் ஆண்டுக் கவுலில் என்னென்ன இருந்தன என்பதை இன்றைய அரசாங்கத் திட்ட அறிக்கை ஒன்றைப் படிப்பதுபோல நிதானமாகப் படிக்க வேண்டும். கம்பெனி அங்கே கோட்டை கட்டிக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகள் ஊரின் நிர்வாகம் முழுக்க அவர்கள் கையில். அதன்பின் துறையின் சுங்கத்திலும் வருமானத்திலும் நாயக்கருக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி. கம்பெனி தன் சரக்கைக் கடல்வழி ஏற்றவும் இறக்கவும் என்றென்றைக்கும் சுங்கம் கிடையாது. உள்நாட்டுக்குள் கொண்டுபோனால் மற்ற வியாபாரிகள் கட்டுவதில் பாதி கட்டினால் போதும். நாணயம் அடித்துக்கொள்ளலாம். கப்பல் உடைந்து சரக்கு கரை ஒதுங்கினால் கேட்டதும் திருப்பிக் கொடுக்கப்படும். இந்தக் கடைசிச் சரத்தைப் பார்த்தவுடன் மோட்டுப்பள்ளித் தூண் நினைவுக்கு வருகிறதல்லவா? நானூறு ஆண்டு இடைவெளியில் அதே அச்சம், அதே அபயம்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது இன்னொரு சரத்து. துறையில் குடியிருக்கும் வியாபாரி, நெசவாளி, துணிக்குச் சித்திரம் எழுதுகிறவர் ஆகியோருக்குக் கம்பெனி முன்பணம் தரும்முன் நாயக்கரிடம் சொல்லி, ஆள் நாணயமானவர்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாயக்கர் சரி என்று சொன்னபின் அவர்கள் கடனைத் திருப்பாவிட்டால் நாயக்கரே ஈடுசெய்வார். இல்லையேல் ஆளைப் பிடித்துக் கொடுப்பார். இன்றைக்குச் சிறுதொழில் கடனுக்கு அரசு உத்தரவாதம் தரும் திட்டம் 2000-இல் வந்தது என்று பெருமைப்படுகிறோம். நாயக்கர் அதை 1639-இலேயே செய்துவிட்டார். என்ன, அவர் முறையில் கடன்பட்டவனைக் கட்டி இழுத்துக்கொண்டு வருவதும் அடக்கம்.

இத்தனை தெளிவாக எழுதிய கவுலில் ஒரே ஓர் இடம் மங்கலாக இருந்தது. கோட்டை கட்டும் செலவை முதலில் யார் போடுவது? நாயக்கர் போடுவார் என்று டே நம்பினார், மசூலிப்பட்டணத்து மேலதிகாரிகளையும் நம்பவைத்தார். 1640 பிப்ரவரி 20 அன்று டேயும் ஆர்மகானிலிருந்து ஆண்ட்ரூ கோகனும் ஆட்களோடு வந்து இறங்கியபோது, அப்படியொரு வாக்கே கொடுக்கவில்லை என்று நாயக்கர் கைவிரித்துவிட்டார். வந்த வேலை நின்றுபோகாமல் இருக்க, கோட்டைக்காக வாங்கும் கடனுக்கு வட்டியைத் தாமே கட்டுவதாக டே சொல்ல வேண்டியிருந்தது. லண்டனில் இருந்த முதலாளிகள் செலவுக் கணக்கைப் பார்த்துப் பல ஆண்டுகள் முகம் சுளித்தார்கள். சண்டை வந்ததெல்லாம் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில்தான்.

ஆர்மகான் அத்தோடு காலியாயிற்று. பீரங்கியும் ஆட்களும் தெற்கே போய்ச் சேர்ந்தன. புதிய ஊருக்கு மக்களை இழுக்கக் கோகன், 30 ஆண்டுகளுக்கு உண்ணும் பொருள், குடிக்கும் பொருள், உடுக்கும் பொருள் மீது குடிகளிடம் சுங்கம் வாங்குவதில்லை என்று கம்பெனி பெயரால் பறைசாற்றினார். பேரி திம்மப்பா போன்ற துபாஷிகள் உள்நாட்டில் ஆள் திரட்டினார்கள். ஓராண்டு முடியும்முன் 70, 80 நல்ல வீடுகளும், நானூறு வரையில் நெசவுக் குடும்பங்களும் வந்துவிட்டதாகப் பழைய பதிவுகள் கூறும். தமிழும் தெலுங்கும் பேசிய குடும்பங்கள் அவை. முப்பது ஆண்டு கழிந்தபின் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 1686-இல் வீட்டுவரி போடப் பார்த்தார்கள், ஊரே கடையை அடைத்தது.

மானியம் கொடுத்தவருக்கு என்ன மிஞ்சிற்று? நாயக்கரின் பாதிப் பங்கு, சந்திரகிரி அரசு சரிந்தபின் கோல்கொண்டாவுக்குப் போயிற்று. 1658-இல் அந்தப் பாதிச் சுங்கத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு 380 வராகன் என்று முடிவுகட்டினார்கள். 1672-இல் 1,200 வராகன் என்று கூட்டி நிரந்தரமாக்கினார்கள். பட்டணத்தின் வியாபாரம் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. கொடுத்தவரின் பங்கு மட்டும் 1,200-இல் நின்றுவிட்டது. 1752-இல் ஆற்காட்டு நவாப் முகம்மதலி அதையும் விட்டுக்கொடுத்தார். விகிதமாக இருந்த பங்கை மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டதுதான் உள்நாட்டு ஆட்சிகள் செய்த பெரிய பிசகு என்பது என் கருத்து. சென்னையின் வளர்ச்சியில் சந்திரகிரிச் சீமைக்கு ஒரு காசும் வந்து சேராமல் போனதற்குப் போர்களைக் குறைசொல்வார்கள். பாதிக் காரணம் இந்தக் கணக்கு.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2014-இல் ஆந்திரம் இரண்டாகப் பிரிந்தது. மறுசீரமைப்புச் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணையில், இந்திய அரசு துகராஜபட்டணத்தில் ஒரு புதிய பெருந்துறைமுகத்தைக் கட்டங்கட்டமாக அமைக்கும், முதற்கட்டம் 2018 முடிவுக்குள் என்று எழுதப்பட்டது. அதே அட்டவணையில் கடப்பை எஃகு ஆலைக்குச் சாத்தியம் உண்டா என்று ஆராய்வோம் என்றுதான் இருக்கிறது. துகராஜபட்டணத்துக்கோ "அமைக்கும்" என்றே வாசகம். ஆங்கிலேயர் கைவிட்டுப்போய் 374 ஆண்டு கழித்து அந்த ஊருக்கு நாடாளுமன்றமே கவுல் எழுதிக் கொடுத்தது போல!

ஆனால் கூர்ந்து படித்தால் நாள் இருக்கிறது, தொகை இல்லை. யார் பணம் போடுவது, நடக்காவிட்டால் யார் பதில் சொல்வது, ஒன்றும் இல்லை. கோட்டைச் செலவு மறுபடியும் எழுதாமல் விடப்பட்டது. அப்புறம் தடைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரு பக்கம் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளம். இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரியின் பறவைகள் சரணாலயம். மூன்றாவது, இலாபம் வராது என்ற கணக்கு. தெற்கே சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். வடக்கே 2008-இல் திறந்த கிருஷ்ணப்பட்டணம். நடுவில் இன்னொன்றுக்குச் சரக்கு எங்கே என்ற பழைய ஆர்மகான் கேள்விதான், வேறு உடுப்பில். வேறு இடம் சொல்லுங்கள் என்று மத்திய அரசு கேட்க, மாநிலம் வடக்கே ராமாயபட்டணத்தைச் சொன்னது. அங்கே 2019-இலும் 2022-இலும் இரண்டு முதல்வர்கள் அடிக்கல் நாட்டினார்கள். அது மத்திய அரசின் பெருந்துறைமுகமாக அல்லாமல் மாநிலத்தின் பொறுப்பிலான துறைமுகமாகத் தொடங்கப்பட்டது. 2018-உம் வந்து போயிற்று, துகராஜபட்டணத்தில் ஒரு கல்கூட விழவில்லை.

இதே சட்டத்தின் பேரில் வந்த இன்னொரு மானியம் நம் சித்தூருக்கே நேராக வந்தது. பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஏழைக் குறித்தார்கள்: ராயலசீமையின் நான்கு, வட கடற்கரையின் மூன்று. மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய், ஆக 350 கோடி. 2014-15 முதல் மூன்று ஆண்டுகள் 1,050 கோடி வந்தது. 50 கோடி என்றால் காதுக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சித்தூர் மாவட்ட மக்கள்தொகை 41 லட்சத்து 74 ஆயிரம். தலைக்கு 120 ரூபாய் வருகிறது. அன்றிருந்த 66 மண்டலங்களுக்குப் பிரித்தால் சாந்திபுரம் மண்டலத்துக்கு முக்கால் கோடி. நாலு கிராமத்துக்குத் தார்ச்சாலை போட்டால் தீர்ந்தது. அதிலும் 2018 பிப்ரவரியில் கணக்கில் போட்ட 350 கோடியைச் சில நாட்களிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று மாநில அரசு வெளிப்படையாகக் குறைகூறியது. கொடுத்த கை திரும்ப எடுத்துக்கொண்ட கதை 1639 கவுலில்கூட இல்லை.

இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். அந்த ஏழு மாவட்டங்களில் நெல்லூர் இல்லை. ஆகவே கடலே இல்லாத சித்தூருக்குப் பின்தங்கிய பகுதி மானியம் உண்டு. துறைமுக வாக்கை இழந்துவிட்டு நின்ற துகராஜபட்டணத்துக்கு அது கிடையாது. பழவேற்காடு ஏரியின் வடபகுதியில் முகத்துவாரம் மணல் தூர்ந்து, மீன்வரத்துக் குறைந்து தவிக்கும் மீனவக் குப்பங்களுக்கும் கிடையாது. அந்த ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு: எந்த நாளில், எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். யாருக்கு எந்தப் பங்கு, எத்தனை நாள் என்பதில் அவர்களுக்கு இருக்கும் கறார், மானியப் பட்டியல் போட்டவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வரிவிலக்கு வழியிலும் ஒரு பட்டணம் எழுந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தடாவுக்கு மேற்கே சத்தியவேடு பக்கத்தில் ஸ்ரீசிட்டி. 2005-ஆம் ஆண்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின்படி ஏற்றுமதி இலாபத்துக்கு முதல் 5 ஆண்டு முழு வருமானவரி விலக்கு, அடுத்த 5 ஆண்டு பாதி விலக்கு என்ற காலத்தில் 2008-இல் தொடங்கியது. பல நாட்டுக் கம்பெனிகள் வந்தன. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். சென்னைத் துறைமுகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் அதன் பலம். பார்க்கப்போனால், 1639-இல் சந்திரகிரிச் சீமை கொடுத்த பட்டணத்தின் சரக்குப் பாதையைப் பிடித்துக்கொண்டு இந்தச் சீமையின் ஓர் ஓரம் பிழைக்கத் தொடங்கியிருக்கிறது. சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர்கள் என்பது இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. படாஸ்கர் தீர்ப்பில் திருத்தணி அந்தப் பக்கம் போக, இது இந்தப் பக்கம் வந்தது. அங்கே வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

2016-இல் ஆசிய வளர்ச்சி வங்கி, விசாகப்பட்டணம்–சென்னைத் தொழில்வழித் தடத்துக்கென 63 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஒப்புதல் தந்தது. ஏர்ப்பேடு–ஸ்ரீகாளஹஸ்தியும் அதில் ஒரு மையம். செய்தித்தாள்கள் "நிதி" என்று பொதுவாகப் போட்டன. அதில் மானியம் 50 லட்சம் டாலர் மட்டுமே, மிச்சத்தில் மிகப் பெரும்பகுதி கடன். கடனையும் மானியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்வது இப்போதைய பழக்கம். நிதி என்று கேட்டால் இதில் திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு என்று உடனே கேளுங்கள்.

2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் ராயலசீமை, பிரகாசம், வட கடற்கரை ஆகிய பின்தங்கிய பகுதிகளுக்குச் சட்டத்தில் சொன்ன மானியம் தரப்படும் என்று மீண்டும் அறிவித்தார்கள். பழைய பட்டியலில் இல்லாத பிரகாசம் இப்போது பெயர் சொல்லிச் சேர்ந்துவிட்டது. நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதியோடு சேர்ந்த கடற்கரை ஊர்களை ராயலசீமை என்று எண்ணுவார்களா, நெல்லூர்ப் பழங்கணக்கில் விட்டுவிடுவார்களா என்பதைப் பொறுத்துத்தான் அவற்றுக்கு அதில் பங்கு. 2025-இல் துகராஜபட்டணத்தில் கப்பல் கட்டும் தளம் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியது. மணல்திட்டின் உட்புறம் அமைதியாக இருக்கும் அந்தக் கடலை ஆறுமுக முதலியார் காலத்து மாலுமிகள் கண்டார்கள், பிளாக்வுட் கண்டார், இப்போது கப்பல் கட்டுவோர் காண்கிறார்கள். இந்தத் தடவை காகிதம் வந்தால், கோட்டைச் செலவு யாருடையது என்ற வரி அதில் இருக்கிறதா என்று வாகாட்டு மக்கள் முதலில் தேடிப் பார்க்கட்டும்.